வ. உ. சிதம்பரம்பிள்ளை

வள்ளிநாயகம் உலகநாதன் சிதம்பரம்பிள்ளை (செப்டம்பர் 5, 1872 - நவம்பர் 18, 1936) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் வழக்கறிஞரும் தமிழ் நூற்பதிப்பாளரும் ஆவார். வ. உ. சி. என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறார். தூத்துக்குடிக்கும் இலங்கையின் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேய நிறுவனம் ஒன்று தனியாக நடத்திவந்த நீராவிக் கப்பல் போக்குவரத்துக்குப் போட்டியாக, 1906 ஆம் ஆண்டில் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவியவர். இதனால் கப்பலோட்டிய தமிழன் என்றும், சிறையில் எண்ணெய்ச் செக்கை இழுக்கும்படி செய்யப்பட்டதால் செக்கிழுத்த செம்மல் என்றும் போற்றப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

சிதம்பரம்பிள்ளை அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், தற்போதைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஒட்டப்பிடாரம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை. தாயார் பரமாயி அம்மாள். தந்தை அப்பகுதியில் பெயர்பெற்ற வழக்கறிஞர். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி ஒட்டப்பிடாரத்திற்கு அருகிலேயே உள்ளது. பாரதியார் பிறந்த எட்டயபுரமும் தொலைவில் இல்லை. பாரதியாரின் தந்தை சின்னசாமி ஐயரும் உலகநாத பிள்ளையும் நண்பர்கள்.

ஒட்டப்பிடாரத்தில் தொடக்கக் கல்வி பெற்ற பின்னர் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பள்ளிப்படிப்பைத் தொடர்ந்தார். சில காலம் ஒட்டப்பிடாரம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தார். பின்னர் தந்தையின் விருப்பப்படி திருச்சிராப்பள்ளி சென்று சட்டம் பயின்று, 1894 ஆம் ஆண்டில் தேர்வில் வெற்றிபெற்று, அடுத்த ஆண்டில் சொந்த ஊரில் தொழிலைத் தொடங்கினார். தந்தையிடம் வந்த கட்சிக்காரர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். மகனோ ஏழைகளுக்காகவும் காவல்துறையினரால் பொய்வழக்கில் சிக்கவைக்கப்பட்டவர்களுக்காகவும் வாதாடினார். இதனால் உள்ளூர் அதிகாரிகளின் பகையைத் தேடிக்கொண்டார். தந்தையின் அறிவுரைப்படி 1900 ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

முதல் மனைவி வள்ளியம்மை. கண்பார்வை இல்லாதவரும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருமான ராமையா தேசிகரைச் சிதம்பரம்பிள்ளை தம் வீட்டில் தங்கவைத்தபோது ஊரார் எதிர்த்தனர். வள்ளியம்மை கணவரின் பக்கம் நின்று அவருக்குத் தம் கையாலேயே உணவு பரிமாறினார் என்று கூறப்படுகிறது. வள்ளியம்மை இளவயதிலேயே இறந்தார். அதன் பிறகு சிதம்பரம்பிள்ளை மீனாட்சி அம்மாளை மணந்தார்.

தூத்துக்குடித் துறைமுகமும் ஆங்கிலேயக் கப்பல்களும்

சிதம்பரம்பிள்ளையின் முயற்சியை விளங்கிக்கொள்ள அக்காலத் தூத்துக்குடியின் நிலையை அறிதல் வேண்டும். 1870களில் தென்னிந்திய இரயில் பாதை தூத்துக்குடியை எட்டியது. அதன் பிறகு சென்னையிலிருந்து கொழும்பு செல்லும் பயணிகளுக்கு இதுவே முதன்மையான வழியாயிற்று. தனுஷ்கோடி வழி திறக்கப்பட்டது 1914 ஆம் ஆண்டில்தான். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர், கொழும்பில் கடை வைத்திருந்த வணிகர், அரிசி, துணி, கருவாடு என எல்லாம் இத்துறையின் வழியே கடல் கடந்தன. கடல் ஆழம் குறைவாக இருந்தமையால் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் சரக்கும் படகுகளிலும் தோணிகளிலும் ஏற்றிச் செல்லப்பட்டனர்.

இப்போக்குவரத்து முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கையில் இருந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மெக்கின்னன் 1856 ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே அஞ்சல் கொண்டுசெல்லத் தொடங்கிய நிறுவனம் இது. 1862 ஆம் ஆண்டில் இப்பெயரைப் பெற்றது. அரசின் அஞ்சல் ஒப்பந்தங்களாலும் படைகளை ஏற்றிச் செல்லும் பணியாலும் வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களை உடைய பெருநிறுவனமாக விளங்கியது. ஒரு வழித்தடத்தில் இழப்பு ஏற்பட்டால் மற்றொரு வழித்தடத்தின் வருவாயால் அதனை ஈடுகட்டும் வலிமை அதற்கு இருந்தது.

இத்தகைய நிறுவனங்களை எதிர்த்து இந்தியர் கப்பல் விடுவது இது முதல் முறையன்று. 1884 ஆம் ஆண்டில் இரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் சோதிரிந்திரநாத் தாகூர் சரோஜினி என்னும் கப்பலைக் கொண்டு குல்னாவுக்கும் பாரிசாலுக்கும் இடையே ஆற்றுப் போக்குவரத்து நடத்தினார். ஆங்கிலேய நிறுவனத்தின் கட்டணக் குறைப்பினால் பெரும் பொருளை இழந்தார். ஜாம்ஷெட்ஜி டாட்டா 1890களில் தூரகிழக்கு நாடுகளுக்குத் தொடங்கிய கப்பல் போக்குவரத்தும் இவ்வாறே நின்றுபோனது. இவ்விரண்டும் செல்வக் குடும்பத்தினரின் முயற்சிகள். தூத்துக்குடி முயற்சியோ பொதுமக்களிடம் பங்கு விற்றுத் திரட்டிய பணத்தில் தொடங்கப்பட்டது.

சுதேசி நாவாய்ச் சங்கம்

1905 ஆம் ஆண்டில் வங்காளம் பிரிக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம் சிதம்பரம்பிள்ளையை ஈர்த்தது. சென்னை சென்றிருந்தபோது இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த இராமகிருஷ்ணானந்தரைச் சந்தித்ததும் அவருக்கு ஊக்கம் அளித்தது. பாரதியாருடன் நெருங்கிய நட்புக் கொண்டதும் இக்காலத்திலேயே. தூத்துக்குடியில் தரும சங்க நெசவுச் சாலை, சுதேசிப் பண்டகசாலை முதலியவற்றை அமைத்த அவர், அந்நியத் துணியை ஒதுக்குவதோடு நின்றால் போதாது, அத்துணியை ஏற்றிவரும் கப்பலும் நம்முடையதாக இருத்தல் வேண்டும் என்று கருதினார்.

1906 அக்டோபர் 16 அன்று சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். ஒரு பங்கின் விலை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தியர், இலங்கையர் மற்றும் ஆசிய நாட்டினர் மட்டுமே பங்குதாரராகலாம் என விதி வகுக்கப்பட்டது. ஆசியருக்குக் கப்பல் நடத்தும் பயிற்சி அளிப்பதும், கப்பல் கட்டும் துறைகளை அமைப்பதும் சங்கத்தின் நோக்கங்களில் அடங்கும். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவரும் பாலவநத்தம் சமீன்தாருமான பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பவர் இரண்டு இலட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கினார். சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகர்களுள் ஒருவர். சிதம்பரம்பிள்ளை உதவிச் செயலாளர் என்னும் எளிய பதவியையே ஏற்றார். எனினும் சங்கத்தின் பணிகளில் பெரும்பகுதி அவர் தோள்மீதே இருந்தது.

தொடக்கத்தில் சங்கத்துக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயைச் சேர்ந்த ஷா லைன் நிறுவனத்திடமிருந்து கப்பல்கள் குத்தகைக்குப் பெறப்பட்டன. ஆங்கிலேய நிறுவனம் அந்நிறுவனத்தை நெருக்கவே, குத்தகை முறிந்தது. உடனடியாகக் கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்திப் போக்குவரத்து அறுபடாமல் காத்தார் சிதம்பரம்பிள்ளை. பிறர் கப்பலை நம்பிப் பயனில்லை என்பது இந்நிகழ்ச்சியால் தெளிவாயிற்று.

சொந்தக் கப்பல் வாங்குவதற்காகச் சிதம்பரம்பிள்ளை பம்பாய் சென்றார். கப்பலுடன் திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து உயிர் விடுவேன் என்று சூளுரைத்துச் சென்றதாகக் கூறுவர். அப்போது மூத்த மகன் உலகநாதன் நோயுற்றிருந்தான், மனைவி கருவுற்றிருந்தார். திரும்பிவரும்படி உறவினர் வேண்டியும் அவர் பணியை முடிக்காமல் திரும்பவில்லை. பாலகங்காதர திலகர் முதலானோரின் உதவியுடன் காலியா என்னும் கப்பல் வாங்கப்பட்டது. மற்றொருபுறம் எஸ். வேதமூர்த்தி பிரான்சு நாட்டுக்குச் சென்று லாவோ என்னும் கப்பலுடன் வந்தார். 1907 ஆம் ஆண்டில் இரு கப்பல்களும் தூத்துக்குடியை அடைந்தபோது ஊரே கடற்கரையில் திரண்டது. ஒவ்வொரு கப்பலிலும் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் பயணம் செய்ய இயலும். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம்.

கட்டணப் போர்

அடுத்து நடந்தது வணிகப் போட்டி என்பதைவிடப் போர் என்பதே பொருந்தும். ஆங்கிலேய நிறுவனம் கொழும்புக்கான மூன்றாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கப்பலில் எட்டணா போதும் என அறிவிக்கப்பட்டது. பின்னர் ஆங்கிலேய நிறுவனம் பயணிகளை இலவசமாகவே ஏற்றிச் செல்ல முன்வந்தது; ஆளுக்கு ஒரு குடையும் வழங்கியது என்று கூறப்படுகிறது. அப்படியும் பணம் கொடுத்துச் சுதேசிக் கப்பலில் சென்றோர் பலர். ஆயினும் நாட்டுப்பற்றைக் கொண்டு மட்டும் நிலக்கரி வாங்க இயலாது. பத்து இலட்சம் ரூபாய் முதலில் இரண்டு கப்பல்களை வாங்கிய ஒரு சங்கம், நூறு கப்பல்களை உடைய நிறுவனத்துடன் இழப்பில் போட்டியிட்டு நெடுநாள் நிற்பது கடினம்.

மேலும் இது இரண்டு நிறுவனங்களுக்கு இடையே மட்டும் நடந்த போட்டியன்று. அரசு அலுவலர்கள் சுதேசிக் கப்பலில் பயணம் செய்யக்கூடாது என்று மறைமுகமாக அறிவுறுத்தப்பட்டனர். பயணிகளின் மருத்துவச் சோதனையிலும் சுங்கச் சோதனையிலும் காலத்தாழ்வு ஏற்படுத்தப்பட்டது. தூத்துக்குடியில் உதவி ஆட்சியராக இருந்த ஆஷ் இவற்றில் முனைந்து நின்றார்.

சங்கத்தின் உள்ளேயும் கருத்து வேறுபாடு தோன்றியது. இயக்குநர்களில் பலர் வணிகர்கள். சிதம்பரம்பிள்ளையின் அரசியல் பேச்சுக்கள் அரசின் சினத்தைச் சங்கத்தின்மேல் திருப்பும் என்று அவர்கள் அஞ்சினர். சிதம்பரம்பிள்ளைக்கோ அரசியலும் கப்பலும் வெவ்வேறல்ல. 1907 டிசம்பரில் பாரதியார் முதலியோருடன் சூரத் காங்கிரசு மாநாட்டிற்குச் சென்று திலகரின் தீவிரவாதப் பிரிவில் உறுதியாக நின்றார். இயக்குநர்களின் அச்சம் பொய்யன்று என்பதைப் பின்னர் நடந்தவை காட்டின. அதேவேளையில் அந்த அரசியல் வேகம் இல்லாதிருந்தால் பங்குகளே விற்றிருக்குமா என்பதும் எண்ணத்தக்கது.

கோரல் ஆலை வேலைநிறுத்தம்

தூத்துக்குடியில் ஆங்கிலேயருக்குச் சொந்தமான கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் மிகக் குறைந்த கூலிக்கு, வார விடுமுறையின்றி உழைத்துவந்தனர். சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் கடற்கரையில் கூட்டம் நடத்தி அவர்களிடையே பேசினர். 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. ஊர்மக்கள் பொருளும் உணவும் அளித்து உதவினர். வழக்கறிஞரும் வணிகரும் கூட ஆலைத் தொழிலாளருக்காகப் பணம் திரட்டியது அந்நாளில் புதுமையான நிகழ்ச்சி. ஒன்பது நாட்களுக்குப் பிறகு நிருவாகம் பணிந்தது. கூலி உயர்வு, வேலைநேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை ஆகியவை கிடைத்தன. வங்காளத்திலிருந்து அரவிந்தர் தம் இதழில் இவ்வெற்றியைப் பாராட்டி எழுதினார்.

ஆலைத் தொழிலாளரும் கப்பலும் ஒரே தலைவரின்கீழ் வந்தது அரசுக்கு அச்சத்தை அளித்தது. மார்ச் 9 அன்று விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட ஏற்பாடு செய்யப்பட்டது. ஆட்சியர் விஞ்ச் அரசியல் நடவடிக்கைகளைக் கைவிட்டு மாவட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று கோரினார். சிதம்பரம்பிள்ளை மறுத்தார். மார்ச் 12 அன்று அவரும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் கைதுசெய்யப்பட்டனர்.

மறுநாள் திருநெல்வேலியில் பெருங்கலகம் மூண்டது. நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம் ஆகியவற்றுக்குத் தீ வைக்கப்பட்டது. காவல்துறையினர் சுட்டதில் நால்வர் இறந்தனர். தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர் மட்டுமின்றி முடிதிருத்துவோர், சலவைத் தொழிலாளர், வண்டியோட்டிகள் ஆகியோரும் வேலையை நிறுத்தினர். கைதை ஆதரித்துப் பேசிய ஒருவருக்குப் பாதி முகச்சவரத்தோடு எழுந்து சென்றுவிட்ட நாவிதரின் கதை இன்றும் அப்பகுதியில் சொல்லப்படுகிறது. கூலிக்காக அன்றி அரசியல் தலைவர் ஒருவரின் கைதை எதிர்த்து இந்தியாவில் நடைபெற்ற முதல் வேலைநிறுத்தங்களில் ஒன்றாக இதனை வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

தண்டனையும் சிறைவாழ்வும்

இராசத் துரோக வழக்கை விசாரித்த நீதிபதி பின்ஹே 1908 சூலை 7 அன்று தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு 20 ஆண்டுகளும், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டுகளும் என, ஒன்றன்பின் ஒன்றாக 40 ஆண்டுகள் நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது சிதம்பரம்பிள்ளைக்கு வயது 35. சிவாவுக்குப் பத்தாண்டுகள் விதிக்கப்பட்டன. செய்தி கேட்ட சிதம்பரம்பிள்ளையின் தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை பாதிக்கப்பட்டார். வாழ்நாள் இறுதிவரை குணமடையவில்லை. இத்தண்டனையின் கடுமையை இங்கிலாந்தில் இந்திய அமைச்சராக இருந்த மார்லியே ஏற்கவில்லை; வைசிராய் மிண்டோவுக்கு எழுதிய கடிதத்தில் கண்டித்தார். மேல்முறையீடுகளின் முடிவில் தண்டனை ஆறாண்டுகளாகக் குறைந்தது.

அவர் அந்தமானுக்கு அனுப்பப்படவில்லை. 1908 சூலை முதல் 1910 இறுதிவரை கோயம்புத்தூர்ச் சிறையிலும், பின்னர் கண்ணனூர்ச் சிறையிலும் அடைக்கப்பட்டார். அரசியல் கைதிகளுக்குத் தனி வகுப்பு என்பது அக்காலத்தில் இல்லை. கொலை, கொள்ளைக் குற்றவாளிகளுடன் அதே உடையும் உணவும் வழங்கப்பட்டன. சணல் கிழிக்கும் எந்திரத்தைச் சுற்றியதில் கைத்தோல் உரிந்து இரத்தம் கசிந்ததால், மாட்டுக்குப் பதிலாக எண்ணெய்ச் செக்கை இழுக்கும் வேலை தரப்பட்டது. கோவை வெயிலில் இவ்வேலையைச் செய்த நிலையிலும் அவர் நூல் கற்பதையும் எழுதுவதையும் விடவில்லை. ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூலை மனம் போல வாழ்வு என்ற பெயரில் தமிழாக்கினார். அது அவர் சிறையில் இருந்தபோதே 1909 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மெய்யறம் கண்ணனூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகளுக்கு அறம் கற்பிக்கும் முயற்சியில் உருவான செய்யுள் நூலாகும்.

சங்கத்தின் முடிவு

தலைவர் சிறைசென்ற பின் சுதேசி நாவாய்ச் சங்கம் தள்ளாடியது. பங்குப் பணம் வருவது நின்றது. இயக்குநர்கள் ஒதுங்கினர். பயணிகளும் வணிகரும் அரசின் பகைக்கு அஞ்சினர். 1911 ஆம் ஆண்டில் சங்கம் கலைக்கப்பட்டது, கப்பல்கள் விற்கப்பட்டன. அவற்றுள் காலியா போட்டி நிறுவனத்திடமே விற்கப்பட்டது என்பர். எதிரிக்கு விற்றதைவிட உடைத்துக் கடலில் எறிந்திருக்கலாம் என்று சிதம்பரம்பிள்ளை வருந்தியதாகக் கூறப்படுகிறது.

அதே ஆண்டு சூன் 17 அன்று, அப்போது திருநெல்வேலி ஆட்சியராக இருந்த ஆஷ், தூத்துக்குடி இரயில் பாதை பிரியும் மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுதேசிக் கப்பலை முடக்கியதும் சிதம்பரம்பிள்ளையைச் சிறைப்படுத்தியதும் இக்கொலைக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

விடுதலைக்குப் பின்

1912 டிசம்பர் 24 அன்று சிதம்பரம்பிள்ளை விடுதலையானார். கைதின்போது நகரங்களே கொந்தளித்தன. விடுதலையின்போது சிறைவாயிலில் வரவேற்கக் கூட்டம் இல்லை. முன்னரே விடுதலையாகியிருந்த சுப்பிரமணிய சிவா காத்திருந்தார்.

வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. சொத்துக்கள் வழக்கிலும் குடும்பச் செலவிலும் கரைந்திருந்தன. சென்னையில் குடியேறி மளிகை, அரிசி, நெய் விற்று வாழ்க்கை நடத்த முயன்றார். தொழில் நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய தொகை காந்தியிடம் சேர்ந்திருந்தது. அது குறித்து 1915-16 ஆம் ஆண்டுகளில் இருவருக்கும் இடையே பல கடிதங்கள் சென்றன. இறுதியில் 347 ரூபாய் கிடைத்தது. பத்து இலட்சம் ரூபாய்ச் சங்கத்தை நடத்தியவர் இச்சிறு தொகைக்காகக் காத்திருந்த மாதங்களை அக்கடிதங்களில் காணலாம்.

சென்னையில் திரு. வி. கலியாணசுந்தரனாருடன் சேர்ந்து தொழிற்சங்கப் பணிகளில் ஈடுபட்டார். 1920 ஆம் ஆண்டில் ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்க இயலாமல் காங்கிரசிலிருந்து விலகினார். பிராமணரல்லாதாருக்கு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்பதையும் ஆதரித்தார். 1927 ஆம் ஆண்டில் மீண்டும் காங்கிரசில் இணைந்து சேலம் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். ஆயினும் முன்பிருந்த இடம் அவருக்குக் கிட்டவில்லை.

நீதிபதி வாலஸ் என்னும் ஆங்கிலேயரின் உதவியால் வழக்கறிஞர் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகன் ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேய ஆட்சியை வாழ்நாள் முழுதும் எதிர்த்தவர் ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைத் தம் வீட்டில் வைத்தது குறிப்பிடத்தக்கது. கோவில்பட்டியிலும் பின்னர் தூத்துக்குடியிலும் தொழில் நடத்தினார்.

தமிழ்ப்பணி

திருக்குறளின் பழைய உரைகளுள் ஒன்றான மணக்குடவர் உரையின் அறத்துப்பாலை 1917 ஆம் ஆண்டில் பதிப்பித்தார். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் எழுதிய உரையையும் வெளியிட்டார். பொருளதிகாரப் பதிப்பில் ச. வையாபுரிப்பிள்ளை துணைநின்றார். மெய்யறிவு, பாடற்றிரட்டு ஆகியவை இவருடைய பிற நூல்கள். அகமே புறம், வலிமைக்கு மார்க்கம், சாந்திக்கு மார்க்கம் ஆகியவை ஜேம்ஸ் ஆலன் நூல்களின் தமிழாக்கங்கள். சிவஞான போதத்திற்கு எளிய உரை எழுதி 1935 ஆம் ஆண்டில் வெளியிட்டார். தம் வாழ்க்கை வரலாற்றை அகவற்பாவில் எழுதினார். அது அவர் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின் 1946 ஆம் ஆண்டில் அச்சாயிற்று.

மறைவு

1936 ஆம் ஆண்டில் நோயுற்ற சிதம்பரம்பிள்ளை உயில் ஒன்றை எழுதிவைத்தார். கடைகளுக்குத் தாம் கொடுக்கவேண்டிய சிறுசிறு கடன்களையும் அதில் குறிப்பிட்டார். அவர் விருப்பப்படி தூத்துக்குடி காங்கிரசு அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அங்கே நவம்பர் 18 அன்று காலமானார்.

நினைவுகள்

ம. பொ. சிவஞானம் எழுதிய கப்பலோட்டிய தமிழன் என்னும் நூல் இவர் பெயரை மீண்டும் பரவலாக்கியது. அதே பெயரில் பி. ஆர். பந்துலு இயக்கிய திரைப்படம் 1961 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிவாஜி கணேசன் வ. உ. சி.யாக நடித்தார். பிறப்பு நூற்றாண்டான 1972 ஆம் ஆண்டில் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. 1986 ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட மாவட்டம் சிதம்பரனார் மாவட்டம் எனப் பெயர் பெற்றிருந்தது. 1997 முதல் தூத்துக்குடி மாவட்டம் என வழங்கப்படுகிறது. 2011 ஆம் ஆண்டில் தூத்துக்குடித் துறைமுகத்திற்கு வ. உ. சிதம்பரனார் துறைமுகம் எனப் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு சூன் மாதத்தில் அங்கிருந்து கொழும்புக்கு மீண்டும் பயணிகள் கப்பல் விடப்பட்டது. போதிய வருவாயின்றி அவ்வாண்டு முடிவதற்குள் நின்றுபோயிற்று.